மூன்று வரிசைத் தையல்

ஜூன் 2, வியாழன்

அண்ணிக்கு,

"இனிமே உங்க குரலே எனக்குக் கேக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு உங்கள் வீட்டுப் படி இறங்கிப் பதினான்கு மாதம் ஆகிறது. சொன்ன சொல்லிலிருந்து இன்னும் மாறவில்லை. போனில் உங்கள் எண்ணை அடைத்துத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் எழுத்தைப் பற்றி அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

சமாதானத் தூது என்று நினைத்துவிட வேண்டாம். எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். அண்ணனிடம் கேட்கலாம் என்றால் அவன் கப்பல் சமையலறையில் கரண்டியும் கையுமாக நடுக்கடலில் இருக்கிறான். கரைக்கு வந்தாலும் இதைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்த மனிதர்களில் பெல்ட்டும் கயிறும் மாட்டிக்கொண்டு அந்தரத்தில் நின்று சம்பாதிக்கிறவர் லிஃப்ட் மெக்கானிக்கான நீங்கள் ஒருவர்தான்.

விஷயம் இதுதான். நான் மரம் ஏறுகிறேன்.

சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள். காய் பறிக்க இல்லை, கிளை வெட்ட இல்லை, சும்மா ஆசைக்காக ஏறுகிறேன். நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு பல் டாக்டர் அடி கிழிந்த கித்தான் பை ஒன்றைக் கடைக்குக் கொண்டுவந்தார். திரைச்சீலையும் மெத்தை உறையும் தைக்கிற கடைக்கு இதை ஏன் கொண்டுவருகிறார் என்று உள்ளே பார்த்தால் முழுக்கக் கயிறு. "என்ன சார், கயிறு கட்டித்தான் பல்லை இழுப்பீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பேர் சேர்ந்து பழைய தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் பூங்காவில் மரம் ஏறுகிறார்களாம். வேடிக்கை பார்க்கத்தான் போனேன். சாயங்காலம் பார்த்தால் பன்னிரண்டு அடி உயரத்தில் நானே தொங்கிக்கொண்டிருக்கிறேன், கீழே என் செருப்பு இரண்டும் தீப்பெட்டி மாதிரி தெரிகிறது. அந்த வாரம் முழுக்க ஊசியில் நூல் கோக்கும்போதுகூட மரம்தான் கண்ணுக்குள் நின்றது.

அந்தப் பூங்காவில் ஒரு பெரிய மரம் உண்டு. யாரையும் லேசில் உள்ளே விடாது என்பதால் நாங்கள் அதற்கு வைத்த பெயர் மாமியார். அறுபது அடியில் கிளை பிரிகிற இடத்தில் ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு கவட்டை. 26ஆம் தேதி ஞாயிறு நான் அங்கே ஏறி உட்காரப் போகிறேன். ஏறியே ஆக வேண்டும். அன்றைக்கு உங்கள் ஹாலில் அத்தனை பேர் முன்னால் "இவளுக்கு எதையும் பாதியில விட்டுத்தான் பழக்கம்" என்று நீங்கள் விரல் மடக்கி எண்ணினீர்களே, டைப்பிங், நீச்சல், பேங்க்காரரோடு பேசி முடித்த கல்யாணம் என்று, அந்த வரிசையில் நாலாவது விரலை மடக்க உங்களுக்கு வாய்ப்புத் தருவதாக இல்லை.

கேள்விக்கு வருகிறேன். கிளைக்கு மேலாகப் போட்டு நாங்கள் தொங்கி ஏறுகிற பெரிய கயிறு நாற்பது அடிக் கிளை வரைதான் கொண்டுபோகும். அங்கே அதை அவிழ்த்து மேல் கிளைக்கு மாற்ற வேண்டும். மாற்றுகிற நேரத்தில் ஆளை மரத்தோடு பிடித்து வைக்க பெல்ட்டில் ஒரு குட்டைக் கயிறு மாட்டிக்கொள்வோம், லேன்யார்டு என்கிறார்கள். இதுவரை அடுத்தவரிடம் இரவல் வாங்கிச் சமாளித்தேன். சொந்தமாக ஒன்று வேண்டும் என்கிறார் டாக்டர். கடைக்காரன் பட்டியலில் இருபது வகை இருக்கிறது, எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. எது நல்லது? அதை மட்டும் எழுதினால் போதும்.

இப்படிக்கு,
ஊசி


ஜூன் 9, வியாழன்

ஊசிக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது யாரோ உன் பெயரில் விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். எங்கள் வீட்டு மூன்றாவது மாடி பால்கனியில் துணி உலர்த்த ஒரு கையால் கம்பியையும் இன்னொரு கையால் என் முந்தானையையும் பிடித்துக்கொண்டு போனவள் நீ.

நான் சொன்னதைப் பற்றி எழுதியிருக்கிறாய். அதற்கு இதில் பதில் இல்லை. கயிறு கேட்டாய், கயிற்றைப் பற்றி எழுதுகிறேன்.

பார்சலில் லேன்யார்டு வருகிறது. புத்தம் புதிது. கம்பெனியில் எங்களுக்கு வருஷத்துக்கு ஒன்று தருவார்கள். என் பழையதற்கு இன்னும் ஒரு வருஷம் ஆயுள் இருப்பதால் இந்த வருஷத்துப் பங்கு உனக்கு. நீளம் ஆறடி. இரண்டு முனையிலும் கொக்கி. இரண்டு டன் எடையைத் தாங்கும், நீ சாப்பிடுகிற சாப்பாட்டுக்கு உன் ஆயுள் முழுக்கத் தாங்கும். நடுவில் ஒரு சின்னப் பொட்டலம் மாதிரி இருக்கும், அதை நோண்டாதே. தலைக்கு மேலே நல்ல கெட்டியான இடமாகப் பார்த்து மாட்டு, அப்புறம் அதை மறந்துவிட்டு வேலையைப் பார். பதினெட்டு வருஷமாக நான் இப்படித்தான் செய்கிறேன், இன்னும் இருக்கிறேன்.

இன்னொன்று. மேலே ஆள் இருந்தால் நேர் கீழே யாரும் நிற்கக் கூடாது. லிஃப்ட் ஏறி இறங்குகிற ஷாஃப்டில் எங்களுக்கு முதல் நாள் முதல் பாடம் அது. உங்கள் பல் டாக்டருக்கு இது தெரியுமா என்று கேள்.

உயரத்தில் பயம் வந்தால் கண்ணை மூடாதே. மூடினால்தான் தலை சுற்றும்.

அண்ணி

உன் சாம்பல் நிற ஸ்வெட்டர் இங்கேதான் இருக்கிறது. பார்சலில் வைத்திருக்கிறேன்.


ஜூன் 20, திங்கள்

அன்புள்ள அண்ணிக்கு,

பார்சல் வந்தது. பிரித்ததும் கடைக்கு வந்திருந்த வாடிக்கையாளரிடம்கூடக் காட்டினேன். அவர் வாங்க வந்தது தலையணை உறை, பாவம். ஆரஞ்சும் கறுப்புமாகப் பட்டை, கொக்கி ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம். அதைப் பெல்ட்டில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். ஆளே மாறிவிட்டேன் அண்ணி.

12ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை டாக்டரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது வேற வேலைக்கு உள்ளது மாதிரி இருக்கே. நீளத்தைக் கூட்டிக் குறைக்க வழியில்லையே" என்று இழுத்தார். "பதினெட்டு வருஷமா லிஃப்ட்ல தொங்கறவங்க அனுப்பினது சார்" என்றேன். அப்புறம் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பெரிய மரத்துக்கு முன்னால் இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். பல் டாக்டரின் வாயையே அடைத்துவிட்டேன் பாருங்கள்.

பழக வேண்டுமே என்று கடை விடுமுறையான வியாழக்கிழமை குழுவில் இருக்கிற மீன் கடைக்கார அக்காவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு சின்ன மரத்தில் ஏறினேன். பெரிய கயிற்றை அவிழ்க்கும் முன்னால் உங்கள் லேன்யார்டைத் தலைக்கு மேலே கிளையில் மாட்டினேன். நீங்கள் சொன்ன மாதிரியே அதை மறந்துவிட்டு வேலையைப் பார்த்தேன். கையால் பிடிக்காமல் நின்றேன் அண்ணி, இரண்டு கையும் சும்மா இருந்தது. ஒரு அணில் என்னைப் பார்த்துவிட்டு, நான் யார் என்ன என்று யோசித்துவிட்டு, என் தோளுக்குப் பக்கத்தில் ஏறிப் போனது. இந்தச் சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நடுவில் ஒரு சின்னச் சறுக்கல், சொல்லும்படி ஒன்றுமில்லை. உங்கள் கயிறு கப்பென்று பிடித்துக்கொண்டது.

இன்னும் ஆறு நாள். மாமியாரைத் தினமும் கடைக்குப் போகிற வழியில் பார்த்துக்கொண்டுதான் போகிறேன். அவளும் பார்க்கிறாள்.

அன்புடன்,
ஊசி

சொல்ல மறந்தது: நீங்கள் நோண்டாதே என்ற அந்தப் பொட்டலத்தின் வாய் பிளந்து தையல் ஒரு முழம் பிரிந்து வந்துவிட்டது. கம்பெனிக்காரன் தைத்த லட்சணம். விலை உயர்ந்த பொருளுக்கு இப்படியா தையல் போடுவார்கள்? கவலைப்பட வேண்டாம். பட்டையைப் பழையபடி மடித்து, கித்தானுக்குப் போடுகிற மெழுகு நூலில் நெருக்கமாக மூன்று வரிசை ஓட்டிவிட்டேன். இனி யானை இழுத்தாலும் பிரியாது.


ஜூன் 24, வெள்ளி, காலை ஏழு மணி

ஊசி,

முதலில் இதைச் செய். அந்த லேன்யார்டை எடு. உன் பெரிய கத்தரிக்கோலால் அதை இரண்டாக வெட்டு. வெட்டிவிட்டு மீதியைப் படி.

உன் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. நான்கு முறை போன் செய்தேன், நீ என் எண்ணை அடைத்து வைத்திருப்பதால் மணி அடிக்கவே இல்லை. பக்கத்து வீட்டு போனிலிருந்தும் அடித்தேன், தெரியாத எண் என்று நீ எடுக்கவில்லை. உன் ஊர் வழியாகச் சாமான் ஏற்றிப் போகிற எங்கள் கம்பெனி வேன் டிரைவரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். உன் கையில்தான் கொடுக்க வேண்டும், நீ படித்து முடிக்கும்வரை நகரக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பொட்டலத்துக்குள் பட்டையை மடித்து மடித்துத் தைத்திருப்பார்கள். ஆள் விழுந்தால் அந்தத் தையல் ஒவ்வொன்றாகப் பிரியும். பிரியப் பிரிய விழுகிற வேகம் குறையும். பிரிவதற்கென்றே போட்ட தையல் அது. அது பிரியாவிட்டால் அந்த அடி மொத்தமும் உன் இடுப்புக்கும் முதுகெலும்புக்கும் போகும். ஒருமுறை பிரிந்தால் அந்தக் கயிற்றின் வேலை முடிந்தது, குப்பைக்குத்தான். நீ அதை மூன்று வரிசை தைத்து மூடியிருக்கிறாய். உன் தையலை எனக்குத் தெரியும். எங்கள் சோபாவுக்கு நீ போட்ட உறை ஏழு வருஷமாக ஒரு இழை விடவில்லை. அதனால்தான் இப்படிப் பயப்படுகிறேன்.

சின்னச் சறுக்கல் என்று எழுதியிருக்கிறாய். சின்னச் சறுக்கலுக்கு அது ஒரு முழம் பிரியாது. நீ விழுந்திருக்கிறாய். எத்தனை அடி?

தப்பு என்னுடையது. நான் அனுப்பியது விழுகிற ஆளைப் பிடிக்கிற கயிறு. ஷாஃப்டில் தலைக்கு மேலே இரும்பு வளையம் இருக்கும், மாட்டிவிட்டு மறந்துவிடலாம். மரத்தில் எப்படி நிற்பாய், எதில் மாட்டுவாய் என்று ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பிவிட்டேன். நோண்டாதே என்று மட்டும் எழுதினேன், ஏன் என்று எழுதவில்லை. நான் எப்போதுமே இப்படித்தான். சொல்வதைச் சொல்லிவிட்டு, கேட்கிறவள் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று இருந்துவிடுவேன்.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஆகாத கயிற்றை அப்படியே தூக்கிப் போட மாட்டோம், வேறு யாராவது எடுத்து மாட்டிக்கொள்வார்கள். இரண்டாக வெட்டித்தான் போடுவோம். ஒரு துண்டை டிரைவரிடம் கொடுத்து அனுப்பு. அதைக் கையில் வாங்கும்வரை எனக்குச் சோறு இறங்காது.

அண்ணி


ஜூன் 24, வெள்ளி, மதியம்

அண்ணிக்கு,

உங்கள் டிரைவர் கடை வாசலில் நிற்கிறார். நாற்காலி போட்டேன். "படிச்சு முடிக்கிற வரைக்கும் நிக்கணும்னு மேடம் சொல்லிருக்காங்க" என்று உட்கார மறுத்துவிட்டார். தண்ணீரும் நின்றுகொண்டே குடிக்கிறார்.

வெட்டிவிட்டேன். அந்தப் பட்டையை வெட்டக் கத்தரிக்கோலே திணறியது. பொட்டலம் இருக்கிற பாதி உங்களுக்கு வருகிறது, என் மூன்று வரிசையையும் பார்த்துக்கொள்ளுங்கள். என் கடைக்கு வந்து பிரிந்த தையலோடு ஒரு பொருள் திரும்பிப் போனதே இல்லை. பிரிய வேண்டும் என்று ஒருவன் தையல் போடுவான் என்று நான் கனவா கண்டேன்?

ஐந்தடி இருக்கும். கிளையில் கால் வழுக்கியது. உங்கள் கயிறு தொளதொளவென்று தொங்கிக்கொண்டிருந்ததால் நேராகக் கீழே வந்தேன். அப்புறம் பிர்ர்ரென்று ஒரு சத்தம், தொங்கிக்கொண்டிருந்தேன். வலது தொடை முழுக்கக் கத்தரிக்காய் நிறத்தில் இருக்கிறது. மீன் கடைக்கார அக்காவிடம் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். டாக்டரிடம் சொன்னால் பெரிய மரத்துக்குப் பெயரை அடித்துவிடுவார். உங்களிடம் சொன்னால் உங்கள் நாலாவது விரல் மடங்கிவிடும். அதுதான் காரணம், மறைக்க வேறு காரணம் இல்லை.

டாக்டர் சந்தேகப்பட்டுக் கேட்டபோதே நான் காது கொடுத்திருக்கலாம். ஆனால் அண்ணி, பதினான்கு மாதத்துக்கு அப்புறம் உங்களிடமிருந்து வந்த பொருள் அது. அதைப் போய் இன்னொருவர் சரியில்லை என்று சொல்ல, நான் கேட்டுக்கொண்டு நிற்பேனா?

ஞாயிற்றுக்கிழமை நான் ஏறவில்லை. டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். விரலை மடக்கிக்கொள்ளுங்கள். எனக்கு அழுகையாக வருகிறது, டிரைவர் வேறு பார்க்கிறார்.

ஊசி


ஜூலை 8, வெள்ளி

ஊசிக்கு,

உன் பாதி வந்தது. என் சாமான் அலமாரிக்குள் மாட்டி வைத்திருக்கிறேன். கூட வேலை பார்க்கிறவர்கள் அந்தத் தையலைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்கள். "யாரு மேடம் தைச்சது, மெஷினா?" என்று கேட்டார்கள். "எங்க நாத்தனார்" என்றேன்.

பதில் எழுத இரண்டு வாரம் ஆனதற்குக் காரணம் இருக்கிறது. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதி ஒருமுறை பட்டது போதும் என்று, நானே போய்ப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று நினைத்தேன். எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் சாலையோர மரங்களின் கிளை கழிக்கிற கோஷ்டி ஒன்று வேலை செய்கிறது. சாப்பாட்டு இடைவேளையில் போய், என்னையும் ஒருமுறை ஏற்றி விடுங்கள் என்று கேட்டேன். சிரித்தார்கள். அப்புறம் ஏற்றினார்கள்.

ஊசி, நாற்பது மாடிக் கட்டடத்தின் ஷாஃப்டில் நின்று ரொட்டி தின்றவள் நான். இருபது அடி மரத்தில் தண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். ஷாஃப்டின் சுவர் நகராது. மரம் நகர்கிறது. காற்று வந்தால் நம்மைக் கேட்காமல் அது பாட்டுக்கு ஒரு பக்கம் சாய்ந்து திரும்பி வருகிறது. "இறக்கி விடுங்க" என்று கத்தினேன். நான் கத்தியதை அங்கே எல்லாரும் கேட்டார்கள். நீ இதை நான்கு மாதமாக ஆசைக்குச் செய்கிறாய் என்று நினைத்தபோது எனக்கு உன் மேல் வந்தது மரியாதை, அதை எழுதாமல் விட மனசு வரவில்லை.

இறங்கின பிறகு அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். மரத்துக்கான லேன்யார்டு விழுகிற ஆளைப் பிடிப்பதற்கு இல்லை, ஆள் விழாமல் இருக்க மரத்தோடு சேர்த்து வைப்பதற்கு. அதனால் நீளத்தைக் கூட்டிக் குறைக்க முடிய வேண்டும், அதுவும் ஒரு கையால். தண்டைச் சுற்றி வந்து இடுப்பின் இரண்டு பக்கமும் சேர்கிற நீளம் வேண்டும், ரொம்ப நீளமானால் வால் கிளையில் சிக்கும். தொளதொளப்பு ஒரு சாண்கூட இருக்கக் கூடாது. இடுப்புக்குக் கீழே இறங்கவும் விடக் கூடாது. வழவழப்பான தண்டில் கயிறு வழுக்கி இறங்கும், அதனால் ஏதாவது கிளைக்கு மேலாகச் சுற்ற வேண்டும். உள்ளே இரும்புக் கம்பி ஓடுகிற வகை ரம்பத்தோடு ஏறுகிறவர்களுக்கு, உனக்கு வீண் பாரம். நான் சொன்னதில் 'மறந்துவிடு' என்பதை அடித்துவிடு. மரத்தில் அதை மறக்கவே கூடாது, ஒவ்வொரு அடிக்கும் இழுத்துச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும்.

இந்த முறை நான் வாங்கி அனுப்ப மாட்டேன். நீ போய், கையில் பிடித்து, தொங்கிப் பார்த்துத் தேர்ந்தெடு. உன் உடம்பு, உன் மரம்.

அன்றைக்கு நான் பதில் எழுதாமல் விட்டதற்கு இப்போது எழுதுகிறேன். கல்யாணம் வேண்டாம் என்று நீ சொன்னது என் முகத்தில் அடித்த மாதிரி இருந்தது, ஏனென்றால் அந்த இடத்தைப் பார்த்துப் பேசி முடித்தவள் நான். நான் நாலு பேருக்கு முன்னால் தலைகுனிந்தேன் என்ற கோபத்தில் உன்னை நாலு பேருக்கு முன்னால் தலைகுனிய வைத்தேன். ஏன் வேண்டாம் என்று உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போதும் கேட்கவில்லை, கயிறு அனுப்பும்போதும் கேட்கவில்லை. மன்னித்துக்கொள்.

ஆகாத கயிறு என்று தெரிந்ததும் ஏறாமல் நின்றாயே, அதற்கு நான் விரலை மடக்கவில்லை. மற்ற மூன்றையும் நிமிர்த்திவிட்டேன்.

அண்ணி


ஜூலை 15, வெள்ளி

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைத் தையல் மிஷின் மேல் வைத்துப் படித்தேன். மிஷினுக்கு எண்ணெய் போட்டது போதாதென்று கண்ணீரும் போட்டேன். நீங்கள் மரத்தில் கத்திய இடத்தை மட்டும் மூன்று முறை படித்தேன், அதற்கும் மன்னித்துக்கொள்ளுங்கள்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "உங்க மேல கோபமில்லை, நான் அன்னிக்கே வாங்கி வெச்சிருக்கணும்" என்றார். அடுத்த இரண்டு ஞாயிறும் ஆறடி உயரத்தில், தரையிலிருந்து ஆள் கை எட்டும் உயரத்தில், கயிறு மாற்றுவதை மட்டும் நாற்பது முறை செய்யவைத்தார். இரவல் லேன்யார்டைச் சுற்று, இழுத்து இறுக்கு, அதில் முழு எடையையும் போட்டுச் சாய், அப்புறம்தான் பெரிய கயிற்றில் கை வை. நாற்பதாவது தடவை எனக்குச் சாய்வது நாற்காலியில் உட்காருவது மாதிரி ஆகிவிட்டது.

கடைக்குப் போய் இரண்டு மணி நேரம் நின்றேன். ஒன்றில் நீளம் சரிசெய்ய மெல்லிய கயிற்றால் முடிச்சு, இன்னொன்றில் குட்டி உலோகப் பூட்டு. இரண்டையும் கடையின் தூணிலேயே சுற்றிச் சாய்ந்து பார்த்தேன். முடிச்சு அழகு, ஆனால் எடை ஏறியபின் இறுகிக்கொண்டு ஒரு கையால் நகர மறுத்தது. பூட்டு என் கட்டைவிரலுக்கே செய்த மாதிரி இருந்தது. கொக்கி தானாக மூடிக்கொள்கிற வகை, திறக்க மூன்று அசைவு வேண்டும். பெரிய கயிறு நீலம் என்பதால் இதைச் சிவப்பாக எடுத்தேன், எதை அவிழ்க்கிறோம் என்று கண் தடுமாறக் கூடாது பாருங்கள். வாங்கும் முன்னால் முனையில் இருக்கிற தையலை விரலால் தடவி, "இது பிரியணுமா, பிரியக் கூடாதா?" என்று கடைக்காரரைக் கேட்டேன். "பிரியவே கூடாதும்மா" என்றார். சரி, அப்படியானால் நல்ல தையல்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

24ஆம் தேதி, ஞாயிறு, காலை எட்டு மணிக்கு மாமியாரைப் பார்க்கப் போகிறேன். வரச் சொல்லவில்லை. தேதியைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அன்புடன்,
ஊசி


ஜூலை 20, புதன்

ஊசிக்கு,

24ஆம் தேதி எனக்கு வேலை. ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் இரண்டு லிஃப்ட் பூட்டிக் கொடுக்க வேண்டும். லீவு என்ற பேச்சையே எடுக்க முடியாது.

ஏறும் முன்னால் கயிறு முழுவதையும் விரலால் தடவிப் பார். கொக்கி மூடுகிற சத்தத்தைக் காதால் கேள், மூடியதைக் கண்ணால் பார், பிறகு இழுத்தும் பார். மூன்றும் செய்.

அண்ணி


ஜூலை 24, ஞாயிறு

அண்ணி அண்ணி அண்ணி,

எழுத்து கோணலாக இருந்தால் மரத்தைத் திட்டுங்கள், காற்று அடிக்கிறது. பென்சிலை நூலில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏறினேன். மாமியாரின் கவட்டையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அறுபது அடி. ஆமாம், அறுபது.

நாற்பது அடி வரை ஒன்றுமில்லை. அங்கே கயிறு மாற்றுகிற இடம் வந்ததும்தான் பயம் பிடித்தது. தண்டு இரண்டு ஆள் கட்டிப்பிடிக்கிற அகலம். சிவப்புக் கயிற்றைச் சுழற்றி வீசினேன், முதல் தடவை முனை கைக்கு வரவில்லை, இரண்டாவது தடவையும் வரவில்லை. மூன்றாவது தடவை வந்தது. ஒரு கிளைக்கு மேலாகச் சுற்றி, கொக்கியைப் பூட்டி, சத்தம் கேட்டேன், கண்ணால் பார்த்தேன், இழுத்தேன். பூட்டைக் கட்டைவிரலால் தள்ளித் தொளதொளப்பு போகும்வரை இறுக்கினேன். அப்புறம் சாய வேண்டும். உடம்பு சாய மாட்டேன் என்றது. தொடை அந்த ஐந்தடியை மறக்கவில்லை போலிருக்கிறது. கீழே டாக்டர் "மூச்சை மூக்கால விடுங்க" என்று கத்துகிறார், அவருக்கு எப்போதும் வாய் நினைப்புத்தான். இறங்கிவிடலாமா என்று நினைத்தேன், நிஜமாகவே நினைத்தேன். இறங்கினால் நீங்கள் விரல் மடக்க மாட்டீர்கள் என்பதும் நினைவு வந்தது. அது வந்ததும் ஏனோ பயம் பாதியாகிவிட்டது. சாய்ந்தேன். சிவப்புக் கயிறு சத்தமே இல்லாமல் என்னைப் பிடித்துக்கொண்டது. பெரிய கயிற்றை அவிழ்த்தேன், மேலே போட்டேன், மாட்டினேன், வந்துவிட்டேன்.

இப்போது இரண்டு கயிறும் மாட்டியிருக்கிறது, கவலைப்பட வேண்டாம். லேன்யார்டில் சாய்ந்துகொண்டிருப்பதால் இரண்டு கையும் சும்மா இருக்கிறது, அதனால்தான் எழுத முடிகிறது. தண்ணீர்த் தொட்டியின் மூடியைப் பார்க்கிறேன் அண்ணி, மூடியை. என் கடை தெரிகிறது, வாசலில் உலர்த்திய சோபா உறை மஞ்சளாக ஒரு துண்டு. மரம் ஆடுகிறது. நீங்கள் சொன்னது சரிதான், நம்மைக் கேட்காமல்தான் ஆடுகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

உங்களிடம் சொல்லாத ஒன்று. அந்த பேங்க்காரர் நல்லவர்தான். ஆனால் பேசி முடித்த பிறகு வந்த ஒவ்வொரு தடவையும், கல்யாணத்துக்கு அப்புறம் கடை எதற்கு என்று கேட்டார். அதைச் சொல்லத்தான் அன்று வந்தேன். ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். இப்போது கேட்காமலே சொல்லிவிட்டேன். மனசில் இருந்த பாரம் இறங்கிவிட்டது.

கீழே எல்லாரும் கை தட்டி முடித்துவிட்டு டீ குடிக்கிறார்கள். பூங்கா வாசல் பக்கமிருந்து யாரோ வேகமாக வருகிறார்கள். தோளில் சாமான் பை, காலில் வேலைக்குப் போடுகிற பெரிய பூட்ஸ். டாக்டரிடம் ஏதோ கேட்கிறார். டாக்டர் மேலே கை காட்டுகிறார்.

அண்ணி, ஆஸ்பத்திரி லிஃப்ட் என்ன ஆனது?

"ஊசி, கொக்கி பூட்டிருக்காடி?"

இத்தனை மாதத்துக்கு அப்புறம் நான் கேட்கிற உங்கள் குரல். "பூட்டிருக்கு அண்ணி" என்று கத்தினேன். கேட்டதா என்று தெரியவில்லை. இன்னும் கத்துகிறேன், இறங்கி வந்தும் கத்துகிறேன், இன்றைக்கு முழுக்கப் பேசலாம்.

இதைத் தபாலில் போட வேண்டியதில்லை. மடித்து, கயிற்றைக் கிளைக்கு மேல் வீச முனையில் கட்டுகிற கனமான குட்டிப் பையில் வைத்துக் கட்டுகிறேன். ஆனால் நீங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே மரத்துக்கு நேர் கீழே வந்து நின்றுவிட்டீர்கள். முதல் நாள் முதல் பாடம், மறந்துபோயிற்றா? தள்ளி நில்லுங்கள் அண்ணி, கடிதத்தைப் போடுகிறேன்.